முன்கதவில் ஒரு வளையம்

(எமது வானொலியின் ஞாயிறு மாலை ஒலிபரப்பில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

வழக்கமாக வருமான வரிப் படிவம், ஓய்வூதிய நிதி என்று உங்களுக்கு அலுப்பூட்டுகிற நான் இன்று பூ கட்டுவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். இதற்குள் எங்கள் வீட்டில் நடந்த ஒரு பெரிய பிரச்சினையும் இருக்கிறது.

மார்கழி மாதம் பிறந்தால் மெல்பேணில் வீதிக்கு வீதி முன்கதவுகளில் இலையும் பூவும் வைத்துக் கட்டிய வட்ட வளையங்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 2017இல் எங்கள் மகளும் கடையில் ஒன்று வாங்கி வந்து கதவில் மாட்டினாள். வெள்ளைப் பூக்கள், கரும்பச்சை இலைகள், விலை 45 டொலர். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

அன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்த அம்மா காரை விட்டு இறங்கி நடைபாதையிலேயே நின்றுவிட்டார். "தம்பி, ஆரடா செத்தது?" என்று கேட்டார். குரல் நடுங்கியது.

அப்பா 2016 ஆடியில் காலமானார். அவருடைய பெட்டியின் மேல் நான்தான் மலர்வளையம் வைத்தேன். வெள்ளைப் பூ, கரும்பச்சை இலை. கதவில் தொங்கியதற்கும் அதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. "மலர்வளையம்" என்ற சொல்லை எங்கள் பத்திரிகைகளில் வேறு எங்கே வாசித்திருக்கிறோம்? அஞ்சலி செலுத்தும் செய்தியில்தானே.

"அப்பம்மா, இது கிறிஸ்மஸுக்கு எல்லாரும் போடுறது" என்றாள் மகள். "எல்லாரும் போடட்டும், நான் அதுக்குக் கீழாலை வரமாட்டன்" என்றார் அம்மா. அடுத்த ஒன்பது நாளும் கராஜ் கதவு வழியாகத்தான் போய் வந்தார். மகளோ, தன் காசில் வாங்கியதைக் கழற்ற முடியாது என்றாள். இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார்கள், ஆனால் பேசவில்லை. நடுவில் நானும் மனைவியும் சோறு பரிமாறிக்கொண்டிருந்தோம். கணக்காளனாக எத்தனையோ பங்காளிச் சண்டைகளைத் தீர்த்திருக்கிறேன். இது முடியவில்லை.

பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆங்கிலேய அம்மையார் இருந்தார். அவரிடம் வேலிக்கு மேலால் இதைச் சொன்னேன், அம்மாவின் பழைய நம்பிக்கையை நினைத்து அவர் சிரிப்பார் என்று. அவர் சிரிக்கவில்லை. இங்கிலாந்தில் தன் பாட்டியின் காலத்தில் சாவு விழுந்த வீட்டின் கதவில்தான் கறுப்பு நாடா கட்டிய வளையம் தொங்கும் என்றார். வருகிறவர்கள் மணியைப் பலமாக அடிக்காமல் மெதுவாக வரவேண்டும் என்பதற்கான அடையாளமாம். விக்டோரியா மகாராணி காலத்து வழக்கம் அது. "உங்கள் அம்மா சரியாகத்தான் வாசித்திருக்கிறார்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இந்த வளையத்துக்குப் பல பிறவிகள் உண்டு. பண்டைய ரோமில் வெற்றி பெற்ற தளபதியின் தலையில் லோரல் இலை வளையம். 1839இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் யோஹான் ஹின்ரிக் விகேர்ன் என்ற பாதிரியார், தான் நடத்திய ஏழைப் பிள்ளைகள் இல்லத்தில் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். கிறிஸ்மஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டு நச்சரித்த பிள்ளைகளுக்குக் கணக்குக் காட்டத்தான். கிழமை நாளுக்குச் சிறிய சிவப்பு, ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிய வெள்ளை. அதுதான் பிறகு ஆலயங்களில் வைக்கும் திருவருகைக்கால வளையமானது.

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். அவர் ரோமாபுரியையும் ஹம்பேர்க்கையும் பொருட்படுத்தவில்லை. ஆனால் யோசித்துவிட்டு ஒன்று சொன்னார். "குருத்தோலைத் தோரணம் கலியாண வீட்டிலையும் கட்டுறம், செத்த வீட்டிலையும் கட்டுறம். ஓலை ஒண்டுதான். குருவித்தலை மேலை பாத்தால் நல்லது, கீழை பாத்தால் கெட்டது. உங்கடை வளையத்துக்குத் தலையெது, காலெது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நாங்கள் வளையம் கட்டப் பழகினோம்.

அடுத்த ஆண்டு, 2018 ஆடிக் குளிரில், பக்கத்து வீட்டு அம்மையார் தன் திராட்சைக் கொடியைக் கத்தரித்தபோது வெட்டிய கொடிகளை எங்களுக்குத் தந்தார். புதிதாக வெட்டிய கொடி சொன்னபடி வளையும். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் வட்டமாக்கி, மீதியை அதைச் சுற்றி முறுக்கிச் செருகிவிட்டால் ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். காய்ந்த கொடிதான் கிடைக்கிறதென்றால் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போடுங்கள். கடைகளில் விற்கும் பச்சை நிறப் பஞ்சுக்கட்டியை வாங்காதீர்கள். அது உக்காத பிளாஸ்டிக். நொறுங்கி மண்ணோடும் தண்ணீரோடும் கலந்துவிடும்.

பூ விடயத்தில்தான் எங்களவர்கள் ஏமாறுவது. ரோஜாவும் மல்லிகையும் வைத்தால் இங்கத்தைய மார்கழி வெயிலுக்கு மத்தியானத்துக்குள் கருகிவிடும். மேற்குப் பார்த்த கதவென்றால் சொல்லவே வேண்டாம். காய்ந்தாலும் வடிவு கெடாதவைதான் வேண்டும். யூக்கலிப்டஸ் இலை, பாங்க்சியா, ஸ்டற்றிஸ், இந்த நாட்டுக்கே உரிய காகிதப்பூ. காகிதப்பூவை முழுதாக விரியுமுன் வெட்டவேண்டும், வெட்டிய பிறகும் அது விரிந்துகொண்டே போகும். காம்பு நோஞ்சான், ஆகவே மெல்லிய கம்பியொன்றைக் காம்பாக ஏற்றிக்கொள்ளுங்கள். சிவப்புப் பொட்டில்பிரஷ் பூ ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் வாசல் முழுக்க இழை கொட்டும். கூட்டுவது யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அலரி இங்கே வேலி வேலியாகப் பூக்கிறது. சாமிக்கு வைத்த பழக்கத்தில் பறித்துவிடாதீர்கள். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, சின்னப் பிள்ளைகளும் நாயும் எட்டுகிற கதவுக்கு ஆகாது. இன்னொன்று, பூங்காவிலும் காட்டிலும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. எங்கள் யூக்கலிப்டஸ் சொந்த முற்றத்து மரம்.

வெட்டிய கொப்புகளை ஓரிரவு தண்ணீரில் நிற்கவிட்டு, மறுநாள் மூன்று நான்காகச் சேர்த்துச் சாண் நீளத்துக்குச் சிறு கட்டுகளாக்கினோம். வழக்கமாக இந்தக் கட்டுகளை ஒரே பக்கமாக, ஓடு வேய்வதுபோல ஒன்றின் காம்பை மற்றதன் இலை மூட, சுற்றிவரக் கட்டுவார்கள். அப்படிக் கட்டினால் அம்மா கேட்டதுபோலத் தலையும் இல்லை, காலும் இல்லை.

ஆகவே மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வளையத்தின் உச்சியில் இரண்டு கட்டுகளின் நுனிகள் மேல்நோக்கிச் சந்திக்கும்படி தொடங்கி, இடப்பக்கமும் வலப்பக்கமுமாகக் கீழே இறங்கிக் கட்டினாள். ஒவ்வொரு இலையும் மேலே பார்த்தது. காம்புகள் எல்லாம் அடியில் வந்து சேர்ந்தன. அந்த இடத்தை மறைக்க ஒரு பெரிய பாங்க்சியா.

கம்பி சுற்றுவது என் வேலை என்றார்கள். மூன்று கட்டுக் கட்டினேன், மூன்றும் கழன்று விழுந்தன. அம்மா கொஞ்ச நேரம் சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, "விடு, உனக்குக் கணக்குத்தான் சரி" என்று கம்பிச் சுருளை வாங்கினார். வாழைநாரில் மாலை கட்டிய கை. கம்பியை அறுக்காமல் இழுத்து இழுத்து, ஒரு கட்டுக்கு இரண்டு சுற்று, பெருவிரலால் ஓர் அழுத்து. நாங்கள் ஒரு மணித்தியாலம் எடுத்ததை அவர் பத்து நிமிடத்தில் முடித்தார். வெள்ளைப் பூவை எடுத்து ஒருபக்கம் வைத்தார், மகள் ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சளும் செம்மஞ்சளும் மட்டும் போயின. பழைய கூறைச் சேலையிலிருந்து விரலகலக் கரைத் துண்டொன்றை வெட்டி வந்து பாங்க்சியாவின் கீழே முடிந்தார். அவருடைய கூறையை அவரே வெட்டியது எனக்கு என்னவோ செய்தது. ஆனால் அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

செலவுக் கணக்குச் சொல்லாவிட்டால் நான் நானல்ல. கம்பிச் சுருள் 4 டொலர், ஸ்டற்றிஸும் பாங்க்சியாவும் 14, கதவுக் கொழுக்கி 5. மொத்தம் 23 டொலர். கொழுக்கியும் கொடி வளையமும் நிலையான சொத்து, அடுத்த ஆண்டுக்குக் கைமாறும்.

அன்று மாலை, நிலைக்கு மேலே இந்தியக் கடையில் வாங்கிய மாவிலையை அம்மா முதலில் கட்டச் சொன்னார். அதன் பிறகுதான் வளையத்தை மாட்ட விட்டார். வீதிவரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு முன்கதவாலேயே உள்ளே வந்தார்.

பொங்கலுக்கு முதல்நாள் கழற்றி, காய்ந்த இலைகளைத் தோட்டக் கழிவுத் தொட்டியில் போட்டோம். கொடி வளையத்தை மட்டும் கராஜில் ஓர் ஆணியில் மாட்டி வைத்தேன். ஒவ்வொரு மார்கழியும் இறங்குவது அதேதான்.