இரயில் சக்கரமும் மறைந்த விரிசலும்

தொழிலின் பொருட்டு வெளிமாநிலங்களில் வாழும் நாம், ஊர் சென்று திரும்ப இரவும் பகலும் இரயிலில் கழிக்கிறோம். நம்மைச் சுமந்தோடும் சக்கரம் குறையற்றதா என்பதை, அதனை உடைத்துப் பாராமலே அறிவது எங்ஙனம்?

மண்பானை வாங்குவோர் அதனைத் தட்டிப் பார்ப்பர். நல்ல பானை கணீரென ஒலிக்கும். கீறிய பானையின் ஒலி மங்கும். சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிச் சென்ற இரயில்வே ஊழியர்கள் கையாண்டதும் இம்முறையே. ஆயினும் சிறு விரிசல் செவிக்குத் தப்பிவிடும்.

ஒவ்வொரு சுழற்சியிலும் சக்கரம் பளுவைத் தாங்குகிறது. பிரேக் போடும்போது சூடேறுகிறது. இலட்சக்கணக்கான சுழற்சிகளில் எஃகு களைப்புற்று, மயிரிழை போன்ற விரிசல் தோன்றி மெல்ல வளர்கிறது.

மேற்பரப்பின் விரிசலைக் காந்தம் காட்டும். சக்கரத்தைக் காந்தமாக்கி நுண்ணிய இரும்புத் தூளைத் தூவினால், விரிசலை ஒட்டித் தூள் கோடாகத் திரளும். ஆழத்தில் உள்ள குறையைக் கேளாஒலி காட்டும். நம் செவிக்கு எட்டும் எல்லை வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். சோதனைக்குரிய ஒலியோ பல இலட்சம் அதிர்வுகள் கொண்டது. எண்ணெயோ நீரோ பூசிய பரப்பில் கருவியை வைத்தால், ஒலி எஃகினுள் புகுந்து செல்லும். இடையே விரிசல் இருப்பின் எதிரொலி முன்னதாகவே திரும்பும். திரும்பிய நேரத்தைக் கொண்டு குறையின் ஆழத்தைக் கணிக்கலாம். பெங்களூரை அடுத்த எலகங்காவில் வார்க்கப்படும் இரயில் சக்கரங்கள் இவ்விரு சோதனைகளையும் கடந்தே வெளிவருகின்றன.

எனினும், புதிய சக்கரத்தைச் சோதிப்பதோடு கடமை முடிந்துவிடுமா? 1998 ஜூன் 3 அன்று ஜெர்மனியின் எஷெடே என்னும் ஊரருகே, பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த ஒரு சக்கரத்தின் எஃகு வளையம் உடைந்து, அதிவிரைவு இரயில் தடம் புரண்டது. 101 பேர் மாண்டனர். விரிசல் தோன்றியது வளையத்தின் உட்புறத்தில். வெளியிலிருந்து நோக்கும் கண்ணுக்கு அது எட்டாது. ஊடுகதிரைக் கண்டறிந்த ரோன்ட்கனின் பெயரையே அவ்விரயில் தாங்கியிருந்தது!

ஆகவே கருவி இருந்தால் மட்டும் போதாது. உரிய காலந்தோறும் சோதித்து, ஐயத்திற்குரிய சக்கரத்தைத் தயங்காது விலக்கும் மனிதரும் வேண்டும். சக்கரச் சோதனையால் வண்டி தாமதம் என்று கேட்கும்போது, நாம் முணுமுணுக்காது காத்திருப்போமாக. அத்தாமதம் நம் உயிர் காக்கும் தாமதம் அன்றோ?