காற்றுக் கசிவும் கைவிலங்கும்

(சாலைப் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய லாரியின் பிரேக் சேம்பரில் ஏற்படும் காற்றுக் கசிவு குறித்து இந்த அமர்வில் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். கூலி, வேலை நேரம், சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றை விவாதிக்கும் வகுப்பில் ஒரு ரப்பர் வட்டுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். அந்த வட்டின் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் அது கிழிந்திருக்கும்போது வண்டியை நிறுத்துவதா, ஓட்டுவதா என்று முடிவெடுப்பவர் ஒருவர். அந்த முடிவின் விளைவைச் சுமப்பவர் வேறொருவர். நம் தொழிலின் உறவுகள் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கின்றன. எனவே முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம்; பிறகு அதைச் சூழ்ந்துள்ள உறவுகளைப் பார்ப்போம்.

காற்று வண்டியை நிறுத்தும் விதம்

எஞ்சினால் இயங்கும் கம்ப்ரசர் காற்றை அழுத்தி டேங்குகளில் நிரப்புகிறது. அங்கே அழுத்தம் ஏறத்தாழ 7 முதல் 8 பார் வரை, அதாவது சதுர அங்குலத்துக்கு 100 முதல் 120 பவுண்டு வரை இருக்கும். ஓட்டுநர் பெடலை மிதித்ததும் பிரேக் வால்வு திறந்து, காற்று ஒவ்வொரு சக்கரத்தருகிலும் உள்ள சேம்பருக்குப் பாய்கிறது. சேம்பர் என்பது வாயோடு வாய் பொருத்திய இரண்டு உலோகக் கிண்ணங்கள்; அவற்றை ஒரு கிளாம்ப் வளையம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. நடுவே துணியிழை சேர்த்த ரப்பர் டயாபிரம். காற்று டயாபிரத்தைத் தள்ள, அது தள்ளுதண்டைத் தள்ள, ஸ்லாக் அட்ஜஸ்டர் கேம் ஷாஃப்டைத் திருப்ப, பிரேக் ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பற்றுகின்றன.

24ஆம் எண் சேம்பர் என்றால் அதன் பயனுறு பரப்பு 24 சதுர அங்குலம். 60 பவுண்டு அழுத்தம் கொடுத்தால் தள்ளுதண்டில் 1,440 பவுண்டு, அதாவது சுமார் 650 கிலோ விசை கிடைக்கும். பல டன் சுமையை நிறுத்தும் இந்த ஆற்றல், சில மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு ரப்பர் படலத்தை நம்பியிருக்கிறது.

அந்த ரப்பர் நாளடைவில் முதுமையடைகிறது. தேய்ந்த கம்ப்ரசரிலிருந்து காற்றோடு வரும் எண்ணெய் அதை ஊறவைத்துக் கெடுக்கிறது. டேங்கில் தேங்கும் நீர் உலோகத்தைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவின் கூர்முனை ரப்பரை அறுக்கிறது. முதலில் மயிரிழையளவு வெடிப்பு; பிறகு கிழிசல்.

இக்கசிவு எளிதில் வெளிப்படுவதில்லை என்பதே இதன் ஆபத்து. பெடலை மிதிக்கும்போது மட்டுமே சேம்பருக்குக் காற்று செல்வதால், மிதிக்காதபோது சத்தமே இராது. சமதளத்தில் எப்போதாவது பிரேக் பிடிக்கையில், இழந்த காற்றைக் கம்ப்ரசர் ஈடுசெய்துவிடுகிறது. அழுத்தமானியின் முள்ளும் உரிய இடத்திலேயே நிற்கிறது. மலைச்சரிவில் இறங்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. அடுத்தடுத்து மிதிக்கையில், வரும் காற்றைவிடப் போகும் காற்று மிகுந்துவிடுகிறது. வண்டிக்குப் பிரேக் மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்தில் அது இல்லாமற்போகிறது.

கண்டறிதல்

கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காற்றை முழு அழுத்தத்துக்கு ஏற்றிய பின் எஞ்சினை நிறுத்த வேண்டும். ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்தபடி அழுத்தமானியை ஒரு நிமிடம் கவனிக்க வேண்டும். தொடக்க வீழ்ச்சி அடங்கிய பின், இணைப்பு வண்டி இல்லாத லாரியில் ஒரு நிமிடத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் இறங்கக் கூடாது என்பது அமெரிக்க ஓட்டுநர் தேர்வில் பின்பற்றப்படும் அளவு. அதற்குமேல் இறங்கினால், மற்றொருவர் சோப்பு நீரைச் சேம்பரின் கிளாம்ப் ஓரத்திலும், தள்ளுதண்டுப் பக்கத் துளைகளிலும், ஹோஸ் இணைப்புகளிலும் தடவிப் பார்க்க வேண்டும். துளை வழியே குமிழி வந்தால் டயாபிரம் கிழிந்திருக்கிறது. கிளாம்ப் ஓரத்தில் வந்தால் பிடிப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது விளிம்பு கெட்டிருக்கிறது. பிரேக் வால்வின் வெளியேற்றும் துளையில் வந்தால் குறை வால்வில் இருக்கிறது. சேம்பரை அவிழ்ப்பதில் பயனில்லை.

பழுது நீக்குதல்

முன்சக்கரச் சேம்பரை எடுத்துக்கொள்வோம். டேங்குகளின் காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். கிண்ணங்களும் வளையமும் எந்த நிலையில் பொருந்தியிருந்தன என்பதற்குச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே மீள்வில் இருப்பதால், வளையத்தைக் கழற்றும் முன் தள்ளுதண்டை இறுகப் பற்றி நிறுத்த வேண்டும். பழைய டயாபிரத்தை எடுத்த பின் கிண்ண விளிம்புகளின் துருவைச் சுரண்டித் துடைத்து, தள்ளுதட்டில் கூர்மையான பிசிறு உள்ளதா, கிண்ணம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே எண்ணுள்ள புதிய டயாபிரத்தைப் பசை எதுவும் தடவாமல் பொருத்தி, வளையத்தைச் சுற்றிலும் மெல்லத் தட்டிக்கொண்டே நட்டுகளைச் சமமாக இறுக்க வேண்டும். மீண்டும் காற்றேற்றிச் சோப்பு நீரால் சோதிக்க வேண்டும். இறுதியாகத் தள்ளுதண்டு நகரும் தூரத்தை அளக்க வேண்டும்; சாதாரண வகை 24ஆம் எண் சேம்பரில் அது 1¾ அங்குலத்தை மீறக் கூடாது. மீறினால் ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரிசெய்ய வேண்டும். ஒரே அச்சின் இரு பக்கத்திலும் டயாபிரத்தைச் சேர்த்து மாற்றுவதே முறை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பின்சக்கரங்களில் பார்க்கிங் பிரேக்குக்காக வலிமைமிக்க வில்லை உள்ளடக்கிய இரட்டைச் சேம்பர் பொருத்தப்பட்டிருக்கும். அந்த வில்லின் பக்கத்தை ஒருபோதும் சாலையோரத்தில் பிரிக்கக் கூடாது. டேங்கில் காற்று இல்லாதபோதும் வில் அழுத்தத்திலேயே இருக்கும். மூடியைக் கழற்றினால் அது குண்டைப் போலப் பாய்ந்து உயிரைப் பறிக்கும். அதற்குரிய போல்ட்டால் வில்லைக் கட்டிவைத்து, முழுச் சேம்பரையும் மாற்றுவதே பாதுகாப்பு.

முன்சக்கர வேலை தேர்ந்த கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவது.

உண்மையில் நடப்பது என்ன?

ஒரு மணி நேரத்தில், சில நூறு ரூபாயில் முடியும் வேலைக்குப் பதிலாக நெடுஞ்சாலைகளில் என்ன நடக்கிறது? கசியும் சேம்பருக்குச் செல்லும் ஹோஸை மடித்துக் கட்டிவிடுகிறார்கள். அல்லது இணைப்பில் அடைப்பு வைத்து மூடிவிடுகிறார்கள். கசிவு நின்றுவிடுகிறது. கூடவே அந்தச் சக்கரத்தின் பிரேக்கும் நின்றுவிடுகிறது. அழுத்திப் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. எஞ்சிய சக்கரங்கள் கூடுதல் சுமையைத் தாங்கிச் சூடேறி, சரிவில் பிடிப்பை இழக்கின்றன.

இது தொழிலாளியின் அறியாமையால் நடப்பதன்று. டிரிப் கணக்கில் கூலி பெறும் ஓட்டுநருக்கு, வண்டி நிற்கும் நேரம் கூலியற்ற நேரம். சரக்கு தாமதமானால் வாடகையில் பிடித்தம். அது பெரும்பாலும் அவர் தலையில் விழுகிறது. வழிச்செலவுக்கு ஒரு தொகை நிர்ணயிக்கப்பட்டிருந்தால், உதிரிபாகம் வாங்கும் பணம் அவருடைய சாப்பாட்டிலிருந்து போகிறது. மேற்சொன்ன சோதனைக்கு இரண்டு பேர் தேவை. ஆனால் செலவைக் குறைப்பதற்காகக் கிளீனரை எப்போதோ இறக்கிவிட்டார்கள். 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டபோது, தேசிய பெர்மிட் வண்டிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நீக்கப்பட்டது. அதே திருத்தம், 8 ஆண்டு வரையிலான வண்டிகளுக்குத் தகுதிச் சான்றை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும் என்றாக்கியது. அதற்கு மேற்பட்ட பழைய வண்டிகளுக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. ஆனால் ஆண்டில் ஒரு நாள் தகுதியாக இருந்த டயாபிரம் மறுவாரமே கிழியலாம். எஞ்சிய 364 நாளும் பிரேக்கைச் சோதிக்க வேண்டியவர் தனியாக விடப்பட்ட அந்த ஓட்டுநர்தான்.

2022 நவம்பர் 20 அன்று புனேயின் நவலே பாலத்தருகே, கட்ரஜ் சுரங்கப்பாதையை அடுத்த சரிவில், ஒரு கனரக வாகனம் கட்டுப்பாட்டை இழந்தது. 48 வாகனங்கள் சேதமடைந்ததாகச் செய்திகள் கூறின. பிரேக் செயலிழந்ததே காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது. பிறகு, டீசலை மிச்சப்படுத்த ஓட்டுநர் எஞ்சினை அணைத்துச் சரிவில் உருளவிட்டார் என்று அதிகாரிகள் தெரிவித்தனர். எஞ்சின் அணைந்தால் கம்ப்ரசரும் நிற்கும். டேங்கில் இருக்கும் காற்றே கடைசிக் காற்று. இது உயிரோடு விளையாடும் பழக்கம். இதை நாம் நியாயப்படுத்தக் கூடாது, நம் உறுப்பினர்களிடம் கண்டிக்கவும் வேண்டும். ஆனால் ஒரு மனிதன் சில லிட்டர் டீசலுக்காகத் தன் உயிரையே பணயம் வைக்கும் நிலை எப்படி உருவாகிறது என்ற கேள்வியையும் நாம் கேட்டாக வேண்டும்.

குற்றவாளிக் கூண்டில் யார்?

மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில், வேலை நாள் குறித்த அத்தியாயத்தில், லண்டன் விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்ட மூன்று ரயில்வே தொழிலாளர்களைக் காட்டுகிறார். பெரும் ரயில் விபத்துக்கு அவர்களுடைய கவனக்குறைவே காரணம் என்பது குற்றச்சாட்டு. முன்பு 8 மணி நேரமாக இருந்த தங்கள் வேலை 14, 18, 20 மணி நேரமாக நீட்டப்பட்டதையும், நெரிசல் காலங்களில் 40, 50 மணி நேரம் இடைவிடாது உழைத்ததையும் அவர்கள் எடுத்துரைக்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கூண்டு காலியாகவில்லை.

பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு அதை 5 ஆண்டாக்கியது. விபத்தை ஏற்படுத்தி, தெரிவிக்காமல் தப்பிச் சென்றால் 10 ஆண்டு வரை என்றது 106(2). அதை எதிர்த்து 2024 ஜனவரியின் முதல் இரு நாட்களில் நாடெங்கும் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினர். ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த 106(2) மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஒன்றுபட்ட நிறுத்தம் என்ன சாதிக்கும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் 5 ஆண்டுப் பிரிவு அப்படியே இருக்கிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவை நம் தோழர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். குறைபாடுள்ளது என்று அறிந்த, அல்லது சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் அறியக்கூடிய நிலையிலுள்ள வண்டியை ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் அதன்படி குற்றவாளிகளே. ஆயினும் வாய்மொழியாகச் சொன்ன புகார் விபத்துக்குப் பின் காற்றில் கரைந்துவிடுகிறது. ‘எனக்குத் தெரியாது’ என்று உரிமையாளர் சொல்லிவிட்டால், தெரிந்தவர் ஓட்டுநர் ஒருவரே என்றாகிவிடும்.

உரிமையாளர்களில் பெரும்பாலோர் ஐந்துக்கும் குறைவான வண்டிகளை வைத்துக் கடன் தவணையில் தத்தளிப்பவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வாடகையை நிர்ணயிப்பவர்கள் பெரும் சரக்கு நிறுவனங்களும் இடைத்தரகர்களுமே. மேலிருந்து வரும் அழுத்தம் சிறு உரிமையாளர் வழியாக ஓட்டுநர் மீது இறங்குகிறது. பராமரிப்புச் செலவை உள்ளடக்கிய நியாயமான வாடகை என்பது அவர்களுக்கும் நமக்கும் பொதுவான கோரிக்கையாக முடியும்.

நாம் செய்யவேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு நாளும் புறப்படும் முன் டேங்கின் நீரை வெளியேற்றி, ஒரு நிமிடக் காற்றுச் சோதனை செய்வது நம் உறுப்பினர்களின் பழக்கமாக வேண்டும். துணைக்கு ஆள் இல்லையெனில் பக்கத்து வண்டித் தோழரை அழையுங்கள்; அவருடைய வண்டிக்கு நீங்கள் துணை நில்லுங்கள்.

இரண்டாவதாக, குறையைக் கண்டால் எழுத்தில் தெரிவியுங்கள். குமிழியிடும் சேம்பரைப் படமெடுத்து, தேதி, நேரம், இடம் குறித்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்; சங்கக் கிளைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பழுது நீங்கும்வரை ஓட்டாதீர்கள். எழுதி அனுப்பிவிட்டு ஓட்டினால் அந்தப் படமே உங்களுக்கு எதிரான சாட்சியாகும்.

மூன்றாவதாக, அப்படி மறுக்கும் தோழரைக் கிளை தனியாக விடக் கூடாது. ஒருவர் இறங்கிய வண்டியில் இன்னொருவர் ஏறினால் எந்த விதியாலும் பயனில்லை. பழுதுக்காக நிற்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்பது நம் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு ஷரத்தாக இடம்பெற வேண்டும்.

கிழிந்த டயாபிரத்தை மாற்ற ஸ்பேனர் போதும். அதை மாற்றும்வரை வண்டி நகராது என்று சொல்வதற்குச் சங்கம் வேண்டும். வரும் வாரத்தில் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் லாரி நிறுத்தத்தில் ஒரு நாள் காற்றுச் சோதனை முகாம் நடத்திட வேண்டும் எனக் கேட்டுக்கொண்டு, உங்கள் கேள்விகளுக்காக நிறுத்திக்கொள்கிறேன்.