அசையும் அச்சுக்கு ஒயர் எப்படிப் போக வேண்டும்?

(தொழில் செய்யும் குழுக்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம்)



இன்று கடன், வட்டி, தவணை பற்றிப் பேசப்போவதில்லை. ஒரு ஒயரைப் பற்றிப் பேசப்போகிறோம். சிரிக்காதீங்க. அந்த ஒயர் அறுந்தால் தவணையும் சேர்ந்துதான் நிற்கும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டுகளுக்குத் தடை வந்தது நமக்கெல்லாம் தெரியும். அதற்குப் பிறகு பாக்கு மட்டைத் தட்டுக்குக் கேட்பவர்கள் கூடினார்கள். நம் குழுக்கள் சிலவும் கடன் வாங்கி மட்டைத் தட்டு மெஷின் போட்டிருக்கின்றன. அதில் ஒரு குழுவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். குழுவின் பெயரும் ஊரும் வேண்டாம்.

அங்கே வேலை செய்த ஒரு சகோதரி, "அக்கா, அச்சைத் தொட்டா சுர்ருன்னு இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். "கை ஈரமா இருக்கு, அதனாலதான்" என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் அவரைத் தூக்கி எறிந்துவிட்டது. மணிக்கட்டு பிசகியதோடு தப்பித்தார். பிறகு பார்த்தால், மேல் அச்சுக்குப் போகும் ஒயர் அச்சின் கையோடு உரசி உரசி, மேல் தோல் கிழிந்து, செம்பு வெளியே தெரிந்தது. எர்த் ஒயர் எப்போதோ கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. 11 நாள் மெஷின் ஓடவில்லை. முகூர்த்த மாதம், ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விட்டது. வங்கித் தவணை மட்டும் எங்கேயும் போகவில்லை.

கை ஈரமாக இருந்ததுதான் காரணம் என்று சொல்வது சரியில்லை சகோதரிகளே. மட்டைத் தட்டு வேலையில் கை ஈரமாகத்தான் இருக்கும். மட்டையைத் தண்ணீரில் ஊறவைக்கிறோம், கழுவுகிறோம், ஈரத்தோடு சூடான அச்சில் வைக்கிறோம். தரையும் ஈரம். இப்படிப்பட்ட இடத்தில் மின்சாரம் இரண்டு மடங்கு ஒழுங்காக இருக்க வேண்டும். "நீங்க கவனமா இருங்க" என்று பெண்களிடம் சொல்லிவிட்டு மெஷினை அப்படியே விடுவது நியாயமில்லை.

அந்த ஒயர் ஏன் அறுகிறது? மேல் அச்சுக்குள் ஹீட்டர் இருக்கிறது. சூட்டை அளந்து சொல்லும் சென்சார் ஒயரும் அங்கே போகிறது. அச்சோ மேலும் கீழும் போய்வருகிறது. ஒயரின் ஒரு முனை சும்மா நிற்கும் பெட்டியில், மறுமுனை ஓடுகிற அச்சில். ஒரு மணி நேரத்துக்கு 50 தட்டு என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்தில் 400. மாதம் 25 நாள் வேலை என்றால் 10,000 தடவை அந்த ஒயர் மடங்கி நிமிர்கிறது. ஒரு கட்டுக் கம்பியை ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து தடவை மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்துவிடுகிறது இல்லையா? இஸ்திரிப் பெட்டி ஒயர் எங்கே போகும்? நடுவில் போகாது, பெட்டிக்குள் நுழைகிற கழுத்தில்தான் போகும். அதே கதைதான் இங்கேயும்.

ஒயருக்குள் முடி மாதிரி பல செம்பு இழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக ஒடியும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. 1000 வாட் ஹீட்டர் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பாதி இழை போனபின் மீதி இழைகளே அந்தச் சுமை முழுவதையும் தாங்க வேண்டும். அந்த இடம் சூடேறும், தோல் கருகும், தீ கூடப் பிடிக்கலாம். "ஹீட்டர் விட்டு விட்டு எரியுது, ஒயரை ஆட்டினா வருது" என்று யாராவது சொன்னால் அன்றே மெஷினை நிறுத்துங்கள். ஆட்டி ஆட்டி ஓட்டாதீர்கள்.

பெரிய தொழிற்சாலைகளில் இதற்கென்றே ஒரு சங்கிலி வைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் பக்கம் கம்ப்யூட்டர் மெஷின் ஓடும் பட்டறைகளில் பார்க்கலாம். மரவட்டை மாதிரி கணுக் கணுவாக இருக்கும். ஒயர், எண்ணெய்க் குழாய், காற்றுக் குழாய் எல்லாம் அதற்குள் போகும். ஒரு அளவுக்கு மேல் மடங்காது, பக்கவாட்டில் சாயாது. 1950களில் ஜெர்மனியில் கண்டுபிடித்தது. நம் தட்டு மெஷினுக்கு அது அவசியமில்லை என்பது எங்கள் கருத்து. பிளாஸ்டிக் சங்கிலி சூட்டுக்கும் நீராவிக்கும் பக்கத்தில் நிற்காது, விலையும் உண்டு. ஆனால் அது செய்கிற வேலையை நாமே குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். அதைத்தான் இப்போது காட்டப்போகிறோம்.

இதோ இருப்பது டிவி, ஃப்ரிட்ஜ் பெட்டிகளைச் சுற்றி வரும் பேக்கிங் பட்டை. குப்பையில் போடுகிறோம். இதை மேலும் கீழும் மடக்குங்கள், மடங்குகிறது. பக்கவாட்டில் மடக்குங்கள், மடங்க மாட்டேன் என்கிறது. இந்தக் குணம்தான் நமக்கு வேண்டும். இரண்டு பட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதன் மேல் ஒயரைப் படுக்கவைத்து, நான்கு விரற்கடைக்கு ஒரு இடத்தில் நைலான் டையால் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டக் கூடாது. பூச்சரம் தொடுக்கும்போது காம்பு நசுங்காமல் முடி போடுகிறோமே, அந்த அளவுதான். இப்போது ஒயர் ஒரே பக்கமாக வளையும். காற்றில் ஆடி அச்சுப் பக்கம் போய் ஒட்டாது. சிலர் பழைய இரும்பு அளவு டேப்பை வைத்து இதே மாதிரி செய்கிறார்கள். அதன் ஓரம் கத்தி மாதிரி, போதாததற்கு இரும்பு, மின்சாரம் பாயும். நமக்கு அது வேண்டாம்.

பட்டை கட்டியாகிவிட்டது, எவ்வளவு நீளம் விடுவது? இங்கேதான் பலரும் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள், அல்லது கொடி மாதிரி தொங்கவிடுகிறார்கள். அசைகிற ஒயர் வளையும் வட்டத்தின் ஆரம், ஒயரின் தடிமனைப்போலப் பத்து மடங்காவது இருப்பது நல்லது. நம் ஒயர் உறையோடு சேர்த்து 1 செ.மீ. தடிமன் என்றால், ஆரம் 10 செ.மீ. அதாவது 20 செ.மீ. அகலத் தட்டின் விளிம்பில் ஒயரை வைத்தால் எப்படி வளையுமோ அப்படி. அந்த வளைவுக்கு மட்டும் சுமார் 31 செ.மீ. வேண்டும். அச்சு 16 செ.மீ. ஏறி இறங்குகிறது என்றால் அதில் பாதி, 8 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக மொத்தம் 39 செ.மீ. இரண்டு பக்கமும் கிளாம்புக்குள் போகும் நீளம் இதற்கு மேல் தனி.

இந்தக் கணக்கு சரியாக வர ஒரு நிபந்தனை உண்டு. நிற்கிற பக்கத்துக் கிளாம்ப், அச்சு போய்வரும் தூரத்தின் நடு உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு கிளாம்புக்கும் நடுவில் குறுக்காக 20 செ.மீ. இடைவெளியும் வேண்டும். கணக்கே வேண்டாம் என்கிற அக்காமார்கள் ஒரு சணல் கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அச்சை மேலே வைத்து ஒரு தடவை, கீழே வைத்து ஒரு தடவை கயிற்றைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு நிலையிலும் தட்டு விளிம்பு அளவுக்கு வளைவு இருந்தால் அந்த நீளம் சரி.

கிளாம்பைப் பற்றிக் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் போய்ப் பார்க்கிற இடங்களில் இதுதான் இல்லவே இல்லை. ஒயரின் இழுவை போய் ஸ்க்ரூவில் விழக் கூடாது. நிற்கிற பக்கம் ஒரு கிளாம்ப், அசைகிற பக்கம் ஒரு கிளாம்ப், இரண்டும் ஒயரின் நேரான பகுதியைப் பிடிக்க வேண்டும். வளைகிற இடத்தில் பிடித்தால் நாமே ஒடிக்கிற மாதிரி. தகரக் கிளாம்புக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தால் ஒயர் நசுங்காது. தகட்டில் ஓட்டை போட்டு ஒயர் நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். அது இல்லாவிட்டால் தகடு அரிவாள்மணை மாதிரி அறுத்துக்கொண்டே இருக்கும்.

அச்சுக்குப் பக்கத்தில் இந்தப் பட்டை, நைலான் டை, சைக்கிள் டியூப் எதுவும் உதவாது. உருகிவிடும். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் பிவிசி ஒயர் பொதுவாக 70 டிகிரி சூட்டுக்குத்தான். அச்சு அதைவிட அதிகமாகச் சூடாகிறது. அதனால் ஹீட்டரிலிருந்து வெளியே வரும் பகுதிக்கு சிலிக்கான் ஒயரோ கண்ணாடி நூல் உறை போட்ட ஒயரோ வேண்டும். அங்கே இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் அது பாதுகாப்பில்லை, ஒட்டிக்கொண்ட அழுக்கு. ஒயர் ஒட்டு எங்கே இருந்தாலும் நிற்கிற பெட்டிக்குள் இருக்கட்டும். அசைகிற நீளத்தில் ஒட்டே இருக்கக் கூடாது. ஒற்றைக் கம்பி ஒயரும் கூடாது, பல இழை ஒயர்தான்.

எர்த். மெஷின் உடம்புக்கு எர்த் இருந்தால் மேல் அச்சுக்கும் இருக்கும் என்று மெக்கானிக் சொல்லலாம். மேல் அச்சு கிரீஸ் போட்ட தண்டில் வழுக்கிக்கொண்டு போகிறது, அந்தத் தொடர்பை நம்ப முடியாது. பச்சை ஒயர் தனியாக மேல் அச்சு வரை போக வேண்டும். மற்ற ஒயரைவிட அது கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். ஏதாவது இழுத்துப் பிய்ந்தால் எர்த் கடைசியாகப் பிய்ய வேண்டும்.

இன்னொன்று. "எம்சிபி போட்டிருக்கோம், ஷாக் அடிக்காது" என்று நினைக்கிறோம். எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆளுக்கு வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அதில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். மாதக் கூட்டத்தன்று அதை அழுத்திப் பாருங்கள், படக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றச் சொல்லுங்கள். இதற்குப் பணம் செலவழிக்கத் தயங்க வேண்டாம். தீர்மான நோட்டில் எழுதிப் பொது நிதியிலிருந்தே எடுக்கலாம்.

ஹைட்ராலிக் மெஷின் வைத்திருக்கும் குழுக்களுக்கு எண்ணெய் ஹோஸ் பற்றியும் கேள்வி வந்தது. அதற்குப் பட்டை கட்ட வேண்டாம், அதுவே கெட்டியானது. முறுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஹோஸ் மேல் நீளவாக்கில் எழுத்து வரி இருக்கும். அது நேராகப் போனால் முறுக்கில்லை, ஜடை மாதிரி சுற்றிப் போனால் முறுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் கொஞ்சம் சுருங்கவும் செய்யும், அதனால் விறைப்பாக இழுத்துப் பூட்டக் கூடாது. எண்ணெய் கசிகிற மாதிரி இருந்தால் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி உள்ளே போனால் வலிக்கவில்லை என்று வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவைப் பார்க்க ஒரு அட்டையைப் பிடியுங்கள், அது போதும்.

தையல் குழுக்களே, உங்கள் இஸ்திரிப் பெட்டி ஒயர் மேசை விளிம்பில் உரசாமல், மேலே ஒரு கம்பியில் ஸ்பிரிங் மாட்டி அதிலிருந்து இறங்கட்டும். திருப்பூரில் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

"இதையெல்லாம் நாங்களே செய்யலாமா?" என்று கேட்கிறீர்கள். பட்டை கட்டுவது, நீளம் அளப்பது, கிளாம்ப் எங்கே வேண்டும் என்று குறிப்பது நம் வேலை. பிளக்கைப் பிடுங்கி, அச்சு ஆறிய பிறகு செய்யலாம். ஸ்க்ரூவைக் கழற்றி ஒயர் மாற்றுவது, எர்த் கொடுப்பது, ஆர்சிசிபி மாட்டுவது எலெக்ட்ரீசியன் வேலை. ஆனால் அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். "இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதும்மா" என்று சொன்னால், "அசையுற இடத்துல ஒட்டு இல்லைதானே? மேல் அச்சுக்கு எர்த் தனியா வருதா?" என்று இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். ஆள் நிமிர்ந்து பார்ப்பார்.

புதிதாக மெஷின் வாங்கப்போகிற குழுக்கள், கடையில் தட்டு எப்படி வருகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். மெஷினை ஓடவிட்டு, மேல் அச்சுக்குப் போகும் ஒயரையே ஐந்து நிமிடம் பாருங்கள். எங்காவது உரசினால், ஒரே இடத்தில் சுருக்கென்று மடங்கினால், சரிசெய்து கொடுத்த பிறகே மீதிப் பணம் என்று சொல்லுங்கள்.

இப்போது சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. இங்கே மேசைமேல் பட்டை, டை, டியூப் துண்டு, கண்ணாடி நூல் உறை எல்லாம் வைத்திருக்கிறோம். சாப்பிட்டு வந்ததும் ஒவ்வொரு தொழில் குழுவும் ஒரு ஒயரைக் கட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் மெஷின் அச்சு எத்தனை செ.மீ. ஏறி இறங்குகிறது என்று தெரியாதவர்கள், வீட்டில் இருக்கும் உறுப்பினருக்கு இப்போதே போன் போட்டு அளக்கச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.