மென்பொருளுக்கும் செய்முறைக் குறிப்பு வேண்டும்



ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு மாற்றல் உத்தரவு புதிய செய்தியன்று. இராமச்சந்திராபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு இளைஞனுக்குச் சென்ற ஆண்டு அது வந்தது. அவன் கணிப்பொறி பயின்றவன். நானோ வரலாறு படித்துவிட்டு மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன். பல ஆண்டுகளாக நான் திரட்டிய ஆட்சிச் சொற்களை இருவரும் சேர்ந்து ஒரு சிறு மென்பொருளாக ஆக்கியிருந்தோம்.

சொற்கள் ஒரு கோப்பில் இருக்கும். அவற்றை அகர வரிசைப்படுத்த ஒரு நிரல், அச்சுப் பக்கமாக்க மற்றொன்று. இவற்றை எந்த வரிசையில், எந்தக் கட்டளையால் இயக்குவது என்பது அவன் நினைவில் மட்டுமே இருந்தது. அவன் புனேவுக்குப் போன பின், ‘டெபுடேஷன்’ என்பதற்குத் ‘தூதுக்குழு’ என்றிருந்ததை, ஊழியர் விதிகளுக்குப் பொருந்த ‘அயற்பணி’ என்று திருத்தி அச்சிட்டேன். தூதுக்குழுவே மீண்டும் வந்தது! வரிசைப்படுத்தும் படியை நான் விட்டுவிட்டமையால் பழைய இடைக்கோப்பே அச்சேறியது. நான் கவனிக்குமுன் அந்தப் பக்கம் ஓர் அலுவலகத்துக்கும் போய்விட்டது. அயற்பணி கேட்டிருந்த ஒருவர், தம்மைத் தூதராக்கியதற்கு நன்றி கூறித் தொலைபேசியில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வல்லுநர்க்கும் இது நேர்ந்ததுண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்பார், முன்பே பிழை நீக்கிய நிரலில் ஒரு காலைப் பொழுது முழுதும் பிழை தேடினார். திருத்திய கோப்பு மீண்டும் தொகுக்கப்படவில்லை என்பதே காரணம். அவருடைய சினத்தைக் கேட்ட சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் ‘மேக்’ என்னும் கருவியை ஆக்கினார். இன்றும் அது வழக்கில் இருக்கிறது.

அதன் முறை எளிது. ‘மேக்ஃபைல்’ என்ற குறிப்பில், ஆக வேண்டிய பொருள் எது, அது எவற்றைச் சார்ந்தது, ஆக்கும் கட்டளை யாது என எழுதிவைக்க வேண்டும். கருவி கோப்புகள் கடைசியாக மாறிய நேரங்களை ஒப்பிட்டு, மூலம் புதிதாகவும் விளைபொருள் பழையதாகவும் இருக்குமிடத்தில் மட்டும் வேலையைச் செய்யும். எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் விசைச்சுழலி ஒன்றின் ஒரு தகட்டை மாற்ற இயந்திரம் முழுவதையும் புதிதாக வார்ப்பதில்லை அல்லவா? அதுபோல.

இளைஞன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, பன்னிரண்டே வரிகளில் குறிப்பை எழுதினேன். ஓடவில்லை. கட்டளை வரியின் தொடக்கத்தில் ‘டேப்’ விசையை அழுத்த வேண்டுமாம். நான் வெற்றிடங்களை இட்டிருந்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே! இந்த விதியைப் பின்னர் மாற்ற ஃபெல்ட்மனுக்கே மனம் வரவில்லையாம். அதற்குள் சுமார் பன்னிருவர் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர், அவர்களுக்குத் தொல்லை வேண்டாமென்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிருவரின் சௌகரியத்துக்காக என் ஒரு மாலை போயிற்று.

இன்னொன்றும் கற்றேன். சார்பென்று நாம் எழுதாததைக் கருவி அறியாது. எழுத்துரு அமைப்புக் கோப்பைக் குறிப்பில் சேர்க்க மறந்திருந்தேன். அதை மாற்றியபோது அச்சுப் பக்கம் அசையவே இல்லை.

சென்ற மாதம் அவன் புனேயில் ஒரு புதுக் கணிப்பொறியில் கோப்புகளை இறக்கி, ‘மேக்’ என்று மட்டும் தட்டினான். முதலில் தமிழ் எழுத்துரு இல்லையென்று நின்றது. அதை நிறுவியதும் நூல் முழுவதும் வந்தது. “மாமா, அயற்பணி சரியாக இருக்கிறது” என்று செய்தி அனுப்பினான்.