ஒன்பது விரல்களால் ஏறிய பாறை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், யோசெமிட்டி பள்ளத்தாக்கினின்று ஏறத்தாழ 900 மீட்டர் செங்குத்தாக உயர்ந்து நிற்கும் எல் கேப்பிடன் என்னும் பாறையின் மிகக் கடினமான முகத்தை, 2001-ஆம் ஆண்டில் மரம் அறுக்கும் இயந்திரத்தில் சிக்கி இடக்கையின் ஆட்காட்டி விரலை இழந்துவிட்ட டாமி கால்டுவெல் என்னும் வீரர், தம் தோழர் கெவின் ஜார்ஜெஸனோடு 19 நாட்கள் பாறையிலேயே உண்டு உறங்கி, கயிற்றைப் பாதுகாப்புக்கு மட்டுமே துணைகொண்டு, 2015 ஜனவரியில் ஏறி முடித்தார். மனித சித்தத்தின் வலிமைக்கு இதனினும் சிறந்த திருஷ்டாந்தம் நான் அறியேன்.

ஆயினும், காயம்பட்ட கையோடு உடனே பாறையை நாடுவோர் சரீர சாஸ்திரம் கூறும் ஒன்றையும் கருதவேண்டும். விரலை மடக்கும் பெருந்தசைகள் முன்கையில் இருக்க, அவற்றின் நாண்களை, தூண்டிற்கோலின் வளையங்கள் நூலைத் தாங்குவதுபோல, சிறு நார்வளையங்களே எலும்போடு சேர்த்துப் பிடிக்கின்றன. குறுகிய விளிம்பில் விரல்நுனிகளை ஊன்றித் தொங்குகையில் அறுபடுவன பெரும்பாலும் அவ்வளையங்களே. இரத்த ஓட்டம் குறைந்த அவை மெல்லவே கூடுகின்றன; வலி முன்னதாகவே நீங்கிவிடுவதுதான் அபாயம்.

ஆகவே அன்பர்களே, மருத்துவர் அனுமதித்த பின்னரே பாறைக்குச் செல்லுங்கள். முதலில், பாரத்தைக் கால்களே தாங்கும் சாய்வான பாறைகளில், அகன்ற பிடிகளைப் பற்றி ஏறுங்கள். வலி தோன்றிய கணமே இறங்கிவிடுங்கள்.