மூன்று கம்பிகளில் நிற்கும் பாய்மரம்

சிறிய பந்தயப் படகுகள் பலவற்றில் பாய்மரம் தன் பலத்தால் நிற்பதில்லை. அதை நிறுத்துபவை மூன்று எஃகுக் கம்பிகள். மரத்தின் மேற்பகுதியிலிருந்து இரண்டு கம்பிகள் படகின் இரு விளிம்புகளுக்கும், ஒன்று முன்முனையான அணியத்துக்கும் இறங்குகின்றன. பின்பக்கம் கம்பி இல்லை. பக்கக் கம்பிகளின் அடிமுனைகள் மரத்துக்குச் சற்றுப் பின்னால் தள்ளிப் பூட்டப்பட்டிருப்பதால், பின்னோக்கி இழுக்கும் வேலையையும் அவையே செய்துவிடுகின்றன.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 470 என்னும் படகு. பிரெஞ்சுக்காரரான ஆந்த்ரே கோர்னு 1963-இல் வடிவமைத்தது. நீளம் 4.70 மீட்டர், பெயரும் அதனால் வந்ததே. இருவர் செலுத்தும் இந்தப் படகு 1976 முதல் ஒலிம்பிக்கில் ஓடுகிறது. அதன் மரம் அலுமினியக் குழாய், படகைவிட நீளமானது.

மரத்தை நிமிர்த்தும் முன்பே பாதி வேலை தரையில் முடிந்துவிட வேண்டும். மரத்தைத் தாங்கிகள்மேல் கிடத்தி, கம்பிகளும் பாய் ஏற்றும் கயிறுகளும் ஒன்றையொன்று சுற்றாமல் பிரித்து வைக்க வேண்டும். நின்ற பிறகு உச்சியில் சிக்கல் தெரிந்தால் மரத்தை மறுபடி இறக்குவதைத் தவிர வழியில்லை. கம்பியின்மேல் ஒரு துணியை ஓட்டிப் பார்ப்பது நல்லது. அறுந்த இழை இருந்தால் துணியில் மாட்டும். வெறுங்கையால் தடவினால் இழை சதையைக் கிழித்துவிடும்.

அடுத்து, தலைக்கு மேலே பார்க்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். நிமிர்த்திய மரத்தோடு கரையில் படகைத் தள்ளிச் செல்லும்போது மின்கம்பியில் உரசினால் உயிர் போய்விடும்.

அணியத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வைத்த பின், இருவர் சேர்ந்து மரத்தைச் செங்குத்தாகத் தூக்கி, அடிமுனையைப் படகின் தரையிலுள்ள குழியில் இறக்குகிறார்கள். ஒருவர் மரத்தைப் பிடித்திருக்க, மற்றவர் பக்கக் கம்பிகளைத் துளையிட்ட தகடுகளில் பூட்டிவிட்டு முன்கம்பியை மாட்டுகிறார். அதுவரை மரத்தைப் பிடித்த கை விலகக் கூடாது. ஒவ்வொரு பூட்டிலும் உள்ள ஊசி கழன்று விழாதபடி அதன் வளையத்தை ஒட்டுநாடாவால் சுற்ற வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத அந்த ஊசி நழுவினால் கடல் நடுவில் மரம் முழுதும் சாய்ந்துவிடும்.

மரம் நேராக நிற்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க முடியாது. பெரிய பாயை ஏற்றும் கயிற்றில் அளவுநாடாவைக் கட்டி உச்சிக்கு ஏற்றி, இரு விளிம்புகளிலும் ஒரே இடம் வரை அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றானால் மரம் நடுவில் நிற்கிறது. அதே நாடாவைப் படகின் பின்விளிம்புக்குக் கொண்டுபோனால் மரம் பின்னோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது தெரியும். பலத்த காற்றில் இந்தச் சாய்வைக் கூட்டுவார்கள். பாயின் விசை தணிந்து படகு கைக்கு அடங்கும்.

முன்பாயை ஏற்றி அதன் கயிற்றை இறுக்கியதும் முன்கம்பி தளர்கிறது. இது பழுதன்று. முன்பாயின் விளிம்புக்குள் ஓடும் கம்பியே இப்போது பாரத்தைத் தாங்குகிறது. ஓட்டத்தில் காற்று அடிக்காத பக்கத்துக் கம்பி சற்றுத் தளர்வதும் இயல்பே.

கரை திரும்பியதும் கம்பிகளையும் பூட்டுகளையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும் முனைக்குழலுக்குள் உப்பு தங்கும். பெரும்பாலும் கம்பி அறுவது அங்கேதான்.