மறுக்கப்பட்ட நுழைவிசைவும் மறு விண்ணப்பமும்



பேரப்பிள்ளையின் முகம் காண யாழ்ப்பாணத்திலிருந்து வரவிருந்த தாய்க்கு நுழைவிசைவு மறுக்கப்பட்டால், குடும்பத்துக்கே நேர்ந்த அவமானமாக எண்ணிப் பலர் மௌனமாகிவிடுகின்றனர். அம்மௌனம் தேவையற்றது. முந்தைய மறுப்பு மட்டுமே புதிய விண்ணப்பத்தை நிராகரிக்கக் காரணமாகாது என 2009ஆம் ஆண்டின் ஐரோப்பிய நுழைவிசைவுச் சட்டம் கூறுகிறது.

யேர்மனியத் தூதரகத்துக்கு ஆட்சேபக் கடிதம் எழுதும் வழி 2025 யூலை 1 முதல் இல்லை. பேர்லின் நிர்வாக நீதிமன்றில் வழக்கிடலாம். அதற்கான காலக்கெடு வழக்கமாக ஒரு மாதம். அன்றேல் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

எதுவாயினும், மறுப்புப் படிவத்தில் குறியிடப்பட்ட காரணத்தை முதலில் வாசியுங்கள். பலருக்கும் அது, உரிய காலத்தில் நாடு திரும்புவாரா என்ற ஐயமே. திரும்புவது முற்றிலும் உறுதி என நிறுவத் தேவையில்லை, நியாயமான ஐயம் இல்லாதிருந்தால் போதும் என ஐரோப்பிய நீதிமன்றம் 2013 திசெம்பர் 19 அன்று தீர்ப்பளித்தது. ஆயினும், ஐயத்தை நீக்கும் சான்றுகளை விண்ணப்பதாரரே தரவேண்டும்.

இங்கே வெளிநாட்டவர் பணிமனையில் நீங்கள் கையொப்பமிடும் பொறுப்பேற்புப் பத்திரம் செலவுக்கே சான்று. திரும்புவதற்குச் சான்றாவன அவரது ஓய்வூதியம், காணி உறுதி, அங்கு வாழும் பிள்ளைகள், முன்னர் சென்று திரும்பிய பயணங்கள்.

பழைய மறுப்பை மறைத்துப் பயனில்லை. அது நுழைவிசைவுத் தகவல் முறைமையில் ஐந்து ஆண்டுகள் பதிவாகியிருக்கும். போலிப் பத்திரமோ அடுத்த கதவையும் அடைத்துவிடும்.

இளையோரே! அப்படிவத்தின் சட்டமொழி உங்கள் பெற்றோருக்குக் கடினம். அம்மாவின் அருகில் அமர்ந்து வரிவரியாக விளக்குங்கள். அம்மம்மாவின் அடுத்த விண்ணப்பம் அங்கிருந்தே தொடங்கட்டும்.